தண்ணீர்ப் பந்தரில் எழுதிய பெயர்

(பங்குனி உத்திரத் திருவிழாச் சொற்பொழிவு)



அம்மையும் அப்பனும் விடைமீது எழுந்தருளித் திருவீதி வலம் வந்து அருள் வழங்கிய இந்தப் பங்குனி உத்திர நன்னாளில், அடியார் திருக்கூட்டத்தின் முன்னர் நின்று சில சொற்கள் கூற வாய்த்தமை திருவருட் பேறேயாகும். இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கும் இத்திருநாளுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. திருவாரூரில் பங்குனி உத்திர விழா அணுகியபொழுது, பரவையார் செய்யும் அறங்களுக்குப் பொன் வேண்டியே சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருப்புகலூருக்குச் சென்றார் என்று சேக்கிழார் பெருமான் அருளிச்செய்கின்றார். திருக்கோயிலின் முன்புறத்தில் திருப்பணிக்காகக் கொணர்ந்து வைத்திருந்த செங்கற்களை அடுக்கித் தலைக்கு உயரமாக வைத்து, மேலாடையை விரித்துச் சுவாமிகள் துயின்றார். விழித்தெழுந்தபோது செங்கற்கள் அனைத்தும் பொன்னாக விளங்கின.

இவ்வரலாறு நீங்கள் அனைவரும் அறிந்ததே. ஆனால் அந்தப் பொன்னைக் கண்டவுடன் சுவாமிகள் பாடிய பதிகம் எத்தகையது என்பதை நாம் ஊன்றி நோக்குவதில்லை. பொன் பெற்றவர் நன்றி கூறிப் பாடுவார் என்றே எவரும் எதிர்பார்ப்பர். சுவாமிகளோ, உலகத்துப் புலவர்களைப் பார்த்துப் பேசத் தொடங்கிவிட்டார். வலிமை சிறிதும் இல்லாத ஒருவனை வீமன் என்றும் விசயன் என்றும் நீங்கள் பாடினாலும், எள்ளளவும் ஈயாத ஒருவனைப் பாரி என்று கூறினாலும், நரைத்து மூத்து உடல் நடுங்கும் கிழவனை மலைபோன்ற தோளுடையவன் என்று போற்றினாலும், அவர்கள் உங்களுக்குக் கொடுக்கப்போவது ஒன்றும் இல்லை. ஆதலால் புகலூர்ப் பெருமானைப் பாடுங்கள். இம்மைக்கு வேண்டும் உணவும் உடையும் தருவான், துன்பம் கெடுப்பான், மறுமையில் சிவலோகமும் அளிப்பான். ஏழாந் திருமுறையில் உள்ள அப்பதிகத்தின் கருத்து இதுவேயாகும்.

இதனைக் கேட்கும்போது நமக்கு நகை வருகின்றது அன்றோ? அந்த நகைப்பினுள்ளே ஒரு நூற்பொருள் அடங்கியிருக்கின்றது. நகைச்சுவை பிறக்கும் இடங்கள் நான்கு என்று வகுத்த தொல்காப்பியனார், அவற்றுள் எள்ளலை முதற்கண் வைத்தார். பிறரை எள்ளும் பாட்டினை அங்கதம் என்று கூறி, அதனைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாக்கினார். பழியை வெளிப்படையாகக் கூறுவது முன்னது. புகழ்வது போலக் காட்டிப் பழியை உள்ளே மறைத்து வைப்பது பின்னது. அதியமான் தூதாகச் சென்ற ஒளவையார்க்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். உன்னுடைய கருவிகள் பீலி சூட்டி, மாலை அணிந்து, நெய் பூசப்பெற்று அழகாக இருக்கின்றன. எங்கள் தலைவனுடையனவோ போரிலே நுனி முரிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார் அம்மூதாட்டியார். கேட்ட மாத்திரத்தில் அது புகழ்ச்சி. எண்ணிப் பார்த்தால் அதைக் காட்டிலும் கூர்மையான வேல் ஒன்று இல்லை.

சுந்தரர் பெருமான் புகலூரில் கைக்கொண்டது செம்பொருள் அங்கதம். அவர் எள்ளுவது யாரை? பொய் கூறும் புலவனை மட்டும் அன்று. அப்பொய்யை விலைக்கு வாங்க விரும்பும் செல்வனையும் சேர்த்தே எள்ளுகின்றார். அச்செல்வனுடைய உள்ளத்தை நோக்குங்கள். தான் இறந்த பின்னும் உலகம் தன்னை நினைக்க வேண்டும் என்னும் ஆசை அவனுக்கு இருக்கின்றது. எவ்வாறு நினைக்க வேண்டும்? பாரியைப் போல நினைக்க வேண்டும். பாரி செய்தது யாது? படரக் கொம்பின்றித் தளர்ந்த முல்லைக்கொடிக்குத் தான் ஏறிவந்த தேரை ஈந்து நடந்து சென்றான். நம்முடைய செல்வனுக்குப் பாரியின் பெயர் வேண்டும். தேர் மட்டும் தன் கொட்டிலை விட்டுப் போகக் கூடாது. இந்த மனநிலையைத்தான் சுவாமிகள் நகைத்தார். ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் கடந்தும் அந்நகைப்பு நம் செவியில் கேட்கின்றது என்றால், அந்தச் செல்வர் மரபு இன்னும் அற்றுப்போகவில்லை என்பதே பொருள்.

பெயரை நிறுத்த முயன்று வசையால் நின்ற ஒருவரைத் தமிழுலகம் நன்கு அறியும். நாகப்பட்டினத்தில் காத்தான் என்பவர் ஒரு சத்திரம் அமைத்துச் சோறிட்டு வந்தார். கவி காளமேகம் அங்கே பசியோடு சென்ற நாளில் உணவு வரக் காலந்தாழ்ந்தது. உடனே ஒரு வெண்பாவைப் பாடினார். கதிரவன் மறையும் நேரத்தில் அரிசி வந்து சேரும். அதனைக் குத்தி உலையில் இடும்போது ஊர் உறங்கிவிடும். ஓர் அகப்பை சோற்றை இலையில் இடும்போது விடிவெள்ளி தோன்றிவிடும் என்பது அதன் பொருள். காத்தான் அஞ்சி நடுங்கி வேண்டிக்கொள்ள, அந்த வெண்பாவுக்கே புலவர் வேறு பொருள் கூறினார் என்பர். எங்கும் உணவு அற்றுப்போகும் பஞ்ச காலத்திலும் இங்கே அரிசி வந்திறங்கும். இச்சோற்றால் ஊரின் பசி அடங்கும். இலையில் இட்ட சோற்றின் வெண்மை கண்டு வெள்ளியும் நாணும் என்று அதே பாட்டுப் புகழாக மாறியது.

இக்கதையைக் கேட்டு நாம் சிரிக்கின்றோம். சிறிது நின்று எண்ணவும் வேண்டும். அந்தச் சத்திரத்தில் எத்தனை ஆயிரம் வழிப்போக்கர் பசியாறியிருப்பர்? அவர்களில் எவரும் வெண்பாப் பாடவில்லை. சோறு தாழ்ந்த ஓர் இரவு மட்டுமே பாட்டில் ஏறிவிட்டது. எள்ளல் என்பது கூரிய கருவி. புண்ணைக் கீறி ஆற்றும் மருத்துவன் கையிலும் அதுவே இருக்கும்; பசியினால் சினம் கொண்டவன் கையிலும் அதுவே இருக்கும். ஆதலின் எள்ளுவோர்க்கும் ஒரு பொறுப்பு உண்டு. அவ்வாறே, நம் பெயர் பிறர் நாவில் எவ்வாறு நிற்கும் என்பது நம் கையில் இல்லை என்பதும் இக்கதையால் தெளிவாகின்றது. நம் கையில் இருப்பது, இலையில் விழும் சோறு ஒன்றே.

அப்படியாயின், கோயிற் சுவரில் பெயர் பொறிப்பதே பிழையோ என்று ஒருவர் வினவலாம். பிழையன்று. தஞ்சைப் பெருவுடையார் கோயிலை 1010-ஆம் ஆண்டில் நிறைவு செய்த முதலாம் இராசராச சோழன், தான் கொடுத்தவற்றோடு, தமக்கையார் குந்தவையார் கொடுத்தவற்றையும், பிறர் கொடுத்தவற்றையும் கல்லிலே வெட்டச் செய்தான். அங்கே திருப்பதியம் விண்ணப்பம் செய்வார் நாற்பத்தெண்மர்க்கும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிப்பார் இருவர்க்குமாக நாள்தோறும் அளக்க வேண்டிய நெல்லும் கல்லில் எழுதப்பட்டது. பாடுவோர்க்கு உரிய படி எந்நாளும் குறையக் கூடாது என்பதற்காகவே அந்த எழுத்து. நம் நாட்டுக் கல்வெட்டுக்கள் பலவற்றின் முடிவில், இந்தத் தருமத்தை இனிக் காக்கப்போகின்றவருடைய திருவடிகள் என் தலைமேல் இருப்பனவாகுக என்னும் கருத்துடைய தொடர் காணப்படும். கொடுத்தவன், இன்னும் பிறவாத ஒருவனுடைய அடிகளைத் தன் தலைமேல் தாங்குகின்றான். பெயர் எழுதுவதற்குரிய பணிவு அதுவே.

இனி, பிறரைப் பற்றிப் பேசியது போதும். எம்முடைய குற்றம் ஒன்றையும் இச்சபையில் கூறிவிடுதல் முறையாகும். எமக்கு அறுபதாண்டு நிறைந்த பொழுது, யாம் பலமுறை சொற்பொழிவு செய்த ஒரு சிற்றூர்த் திருக்கோயிலுக்குக் குழல்விளக்கு ஒன்று உபயமாக அளித்தோம். அந்தி வழிபாட்டின் பின்னர் முதிய ஓதுவார் ஒருவர் அமர்ந்து திருமுறை ஓதும் மண்டபத்தில் அது மாட்டப்பெற்றது. விளக்கின்மேல் செந்நிற வண்ணத்தால் எம் பெயரை எழுதுவித்தோம். பெயர் மட்டுமா? பற்பல ஊரார் அளித்த பட்டங்களையும் ஒன்று விடாமல் எழுதுவித்தோம். விளக்கின் ஒரு முனையில் தொடங்கிய எழுத்து மறுமுனையில் சென்றே நின்றது.

சில திங்கள் கழித்து மீண்டும் அங்கே சென்றபோது, ஓதுவார் எம்மைக் கண்டு அன்போடு எழுந்து வணங்கினார். "சுவாமி, தங்கள் விளக்கு மிக நன்றாயிருக்கிறது. கோபுர வாசலில் நின்றே தங்கள் திருப்பெயரைப் படித்துவிடலாம். தேவாரப் புத்தகத்திலுள்ள எழுத்துத்தான் தெரியவில்லை. அதனால் என்ன, அடியேனுக்குப் பாட்டெல்லாம் மனப்பாடம்" என்றார். அவர் முகத்தில் புன்முறுவலும் இல்லை. குரலில் கடுமையும் இல்லை. தொல்காப்பியனார் கூறிய பழிகரப்பு அங்கதம் யாது என்பதை, எத்தனையோ உரைகளைக் கற்றும் அறியாத யாம், அன்று அந்த மண்டபத்தில் அறிந்தோம்.

எம்மைச் சுட்டது எது தெரியுமா? புகலூர்ப் பதிகத்தை முப்பது ஆண்டுகளாக மேடைதோறும் விளக்கி, கேட்போரை நகைக்கச் செய்து, யாமும் உடன் நகைத்து வந்தோம். அதில் எள்ளப்படுபவர் வேறு எவரோ என்றே எண்ணியிருந்தோம். அன்றிரவே மெய்காவலரிடம் ஏணி வாங்கி, ஈரத்துணி கொண்டு யாமே துடைத்தோம். பட்டங்கள் எளிதாகப் போய்விட்டன. பெயரின் முதலெழுத்து மட்டும் போக மறுத்து நெடுநேரம் நின்றது. ஆணவ மலம் எத்துணை அழுத்தமானது என்பதற்கு இதனினும் வேறு எடுத்துக்காட்டு வேண்டுமோ?

அன்பர்களே! சுந்தரர் பொன் பெற்ற அதே புகலூரில், அவருக்கு முன்னர் அப்பரடிகள் உழவாரத் திருப்பணி செய்தார். அவர் புல் செதுக்கிய இடத்தில் இறைவன் பொன்னும் மணியும் விளங்கச் செய்தான். அடிகளோ பருக்கைக் கற்களோடு சேர்த்து அவற்றையும் உழவாரத்தில் ஏந்தி வாவியில் எறிந்தார். அத்தகைய பெரியாருடைய பெயரையே, அவரை ஒருநாளும் கண்டறியாத அப்பூதியடிகள் திங்களூரில் எங்கும் வழங்கச் செய்தார். தம் பிள்ளைகளுக்கு அப்பெயர். அளக்கும் படிக்கும் நிறுக்கும் கோலுக்கும் அப்பெயர். பசுவுக்கும் எருமைக்கும் அப்பெயர். வழிப்போக்கர்க்காக அமைத்த தண்ணீர்ப் பந்தரிலும் திருநாவுக்கரசு என்றே எழுதுவித்தார்.

அப்பரடிகள் அவ்வழியே வந்தார், பந்தரைக் கண்டார், அமைத்தவர் இல்லத்துக்குச் சென்று ஒரு வினாவை எழுப்பினார். நீர் இட்ட பந்தரில் உம்முடைய பெயரை எழுதாமல் வேறொரு பெயரை எழுதிய காரணம் யாது என்பதே அவ்வினா. உலகத்தார் வழக்கத்தை நன்கு அறிந்தவர் கேட்கும் வினா அது. வேறொரு பெயர் என்ற சொல்லைப் பொறாமல் அப்பூதியடிகள் வெகுண்டார். நீர் யார் என்று கேட்டார். சூலை நோயினால் ஆட்கொள்ளப்பெற்ற சிறுமையேன் யான் என்றார் அப்பர். ஒருவர் தம் பெயரை எழுதவில்லை. மற்றவர் தம் பெயரைச் சொல்லவில்லை. பெயரை மறந்த இருவர் ஒருவர் காலில் ஒருவர் விழுந்து வணங்கிய இடம் அது. அந்தப் பந்தரில் நீர் பருகியவன் திருநாவுக்கரசை நினைத்தான். நாமோ இன்று அப்பூதியடிகளையும் சேர்த்தே நினைக்கின்றோம்.

நினைப்பித்தவர் யார் என்பதையும் கருத வேண்டும். புகலூரில் செல்வரையும் புலவரையும் எள்ளிய அதே சுந்தரர்தாம் திருவாரூரில் திருத்தொண்டத் தொகையைப் பாடி, அப்பூதியடிகள் உள்ளிட்ட அடியார்களின் பெயர்களை அழியாமல் நிறுத்தினார். பொய்ப்புகழை நகைத்த நாவுக்கே மெய்த்தொண்டைப் போற்றும் தகுதி வாய்த்தது. பெயர் தெரிந்த அடியாரோடு அவர் நிறைவடையவும் இல்லை. ஒன்பது வகைத் தொகையடியார்களையும் பாடினார். அவர்களுள் பரமனையே பாடுவார் என்பார் ஒரு திருக்கூட்டத்தார். மனிதரைப் பாடிப் பொருள் தேடாமல் இறைவனையே பாடுபவர்கள், எந்த நாட்டினராயினும், எந்தக் காலத்தவராயினும், பெயர் தெரியாமலே அத்தொகையில் இடம் பெற்றுவிட்டனர்.

யாம் கூறிய ஓதுவார் மறு ஆண்டே இறைவன் திருவடி சேர்ந்தார். அக்கோயிலின் எந்தக் கல்லிலும் அவர் பெயர் இல்லை. இங்கே யாமும் அதனைக் கூறவில்லை. கூறினால் அவர் எம்மை மீண்டும் ஒருமுறை மெல்ல எள்ளுவார். அந்த விளக்கின் கீழே இப்போது ஓர் இளைஞர் அமர்ந்து திருமுறை ஓதுகின்றார். அவருக்கு இன்னும் மனப்பாடம் ஆகவில்லை. ஏட்டைப் பார்த்தே ஓதுகின்றார். எழுத்து நன்றாகத் தெரிகின்றது.

பெயர் நிற்க வேண்டும் என்னும் ஆசை எழும்போதெல்லாம், நாம் ஏற்றும் விளக்கின் ஒளி எதன்மேல் விழுகின்றது என்று பார்க்கும் நல்லறிவை, நமக்கெல்லாம் புகலூர்ப் பெருமான் அருள்வானாக என்று வேண்டி அமைகின்றோம்.

திருச்சிற்றம்பலம்.