நாணயம் வீழ்ந்தால் நாட்டு நிதியம் நிற்குமா?



2022ஆம் ஆண்டில் நமது ரூபா சரிந்தபோது, பெட்டியிலிருந்த பணம் குறையாமலே அதன் வலிமை குறைந்ததை நாம் எல்லோரும் கண்டோம். பிறநாட்டில் இட்ட முதலும் இவ்வாறே கரையும். அதற்கு மெக்சிக்கோவின் வரலாறு தக்க சான்றாகும்.

ஒரே நாட்டின் கம்பனிப் பங்குகளை வாங்கி வைத்திருக்கும் பொது முதலையே நாட்டு நிதியம் என்பர். 1981இல் தோன்றிய மெக்சிக்கோ நிதியம் அத்தகையது. இதற்கு இரண்டு விலைகள் உண்டு. அது வைத்திருக்கும் பங்குகளின் உட்பெறுமதி ஒன்று. அதன் சொந்தப் பங்கு நியூயோர்க் சந்தையில் விற்கும் விலை மற்றொன்று. மூட்டைக்குள் உள்ள வெங்காயத்தின் பெறுமதி வேறு, மூட்டையின் விலை வேறு என்றால் உழவர் நகைப்பர். ஆயினும் அங்கு நடப்பது அதுவே. நிதியம் தன் பங்கைக் கேட்டவுடன் திருப்பி வாங்குவதில்லை. வெளியேற விரும்புவோர் இன்னொருவருக்கே விற்க வேண்டும்.

1994 பெப்ரவரியில் மெக்சிக்கோவின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு ஏறத்தாழ 2,900 கோடி டொலர். ஆண்டிறுதியில் ஏறத்தாழ 600 கோடி. டிசெம்பர் 20இல் அரசு பெசோவின் மதிப்பை இறக்கிற்று. 22இல் அதனைச் சந்தையின் போக்கிற்கே விட்டது. டொலருக்கு மூன்றரைப் பெசோ அளவிலிருந்த விகிதம் 1995 மார்ச்சில் ஏழைத் தாண்டியது. அவ்விகிதத்தில், 35 பெசோ பெறுமதியான பங்கு, பெசோக் கணக்கில் ஒரு சதமும் குறையாதிருந்தாலும், 10 டொலரிலிருந்து 5 டொலராகிவிடும் அன்றோ!

நிதியங்களின் உட்பெறுமதி சரிந்தது. நியூயோர்க் விலையோ அவ்வளவு சரியவில்லை. முன்பு கழிவில் விற்ற பங்குகள் உட்பெறுமதியிலும் கூடிய விலைக்கு விற்றன. மலிவென்று எண்ணி வாங்கியவர் பெறுமதிக்கு மேல் கொடுத்தார்.

மூன்று மெக்சிக்கோ நிதியங்களை ஆராய்ந்த பொருளியலறிஞர் பிராங்கெல், ஷ்முக்லர் ஆகிய இருவரும் மற்றொன்றையும் கண்டனர். மதிப்பிறக்கத்திற்குச் சற்று முன்னர், உள்நாட்டாரின் போக்கைக் காட்டும் உட்பெறுமதி, அந்நியரின் போக்கைக் காட்டும் விலையிலும் விரைவாக வீழ்ந்திருந்தது. வயலில் நிற்பவனுக்கே வெள்ளம் முதலில் தெரியும்!

அஞ்சி ஒதுங்குங்கள் என்று நான் கூறவில்லை. மெக்சிக்கோ மீண்டெழுந்தது, அமெரிக்கக் கடனை 1997 ஜனவரியில் தவணைக்கு முன்னரே தீர்த்தது. காத்திருக்க வல்ல பணம் காத்திருக்கலாம். பிள்ளையின் படிப்பிற்கும் அடுத்த போகத்தின் விதைநெல்லுக்கும் வைத்த பணம் காத்திருக்க இயலாது.

ஆகவே, மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அந்நாட்டின் கையிருப்பு பெருகுகிறதா, கரைகிறதா? நிதியத்தின் உட்பெறுமதி எவ்வளவு, கேட்கும் விலை எவ்வளவு? இப்பணம் எனக்கு எப்போது வேண்டும்? இவற்றிற்கு விடை கிடைக்கும்வரை பணப்பையை அவிழ்க்காதீர்கள்.