ஒரு சாண் ரப்பர்



வாளையாற்றில் தொடங்கி, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தையும் முகட்டையும் ஒட்டித் தெற்கே குமுளி வரை நம் மனக்கண்ணை ஓட்டுவோம். மலம்புழை, பரம்பிக்குளம், மாட்டுப்பட்டி, ஆனையிறங்கல், இடுக்கி, தேக்கடி என நீர்த்தேக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. பாலக்காட்டு எல்லையில் நெல்லுக்கும் தென்னைக்கும் நீர் தேக்கி வைத்திருக்கிறோம். இடுக்கி மலைகளில் மின்சாரத்திற்காகத் தேக்கி வைத்திருக்கிறோம். இத்தனை நீரோடு வாழ்கின்ற நாம், அந்த நீரில் ஒருவர் விழுந்துவிட்டால் அவரைத் தேடி உள்ளே செல்பவரைப் பற்றி அதிகம் சிந்திப்பதில்லை. அவர் காலில் அணியும் துடுப்பைப் பற்றியோ, அத்துடுப்பைக் குதிகாலோடு பிணைக்கும் ஒரு சாண் ரப்பர் வாரைப் பற்றியோ சிந்திப்பது அதனினும் அரிது. இன்று அந்த வாரைப் பற்றித்தான் பேச எண்ணுகிறோம்.

2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்தது. 45 பேர் உயிரிழந்தனர். கொச்சியிலிருந்து கடற்படையின் நீர்மூழ்கு வீரர்கள் மலையேறி வந்து தேடுதலில் ஈடுபட்டார்கள். அந்த ஏரி, 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையினால் தோன்றியது. அன்று நீரில் மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்றும் ஏரி நடுவே நிற்பதைப் படகில் சென்றவர்கள் கண்டிருப்பார்கள். மேலே தெரியும் மரங்களைப் போலவே நீருக்குள் மறைந்து நிற்கும் கட்டைகளும் உண்டு. அத்தகைய இடத்தில் கைகளால் தடவித் தேடும் ஒருவருக்குக் கால்களே துடுப்பு, கால்களே சுக்கான்.

துடுப்புக் காலணி என்று நாம் சொல்வதைப் பலர் ஃபிளிப்பர் என்று வழங்குவர். பிரெஞ்சுக் கடற்படையைச் சேர்ந்த லூயி த கோர்லியூ என்பவர் 1933-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1943-இல் கூஸ்தோ, கன்யான் என்னும் இருவர் நீருக்கடியில் மூச்சுவிடும் கருவியை உருவாக்கிய பின், காற்றுக் கலமும் காற்துடுப்பும் இணைபிரியாத் தோழர்களாயின. முதுகில் கலம் சுமந்தவர் கைகளால் நீந்துவதில்லை. கைகள் விளக்கையும் கயிற்றையும் பிடித்திருக்கும். அவரை முன்னே செலுத்துபவை கால்கள்தாம்.

நம் தமிழகத்து மன்னார் வளைகுடாவில், சங்கு குளிப்போர் இதை எளிய முறையில் செய்துகொண்டார்கள். கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கிய பழைய முறை போய், முகக் கண்ணாடியும் காற்தகடும் வந்தன. தகட்டைத் தாமே வெட்டி, அதைப் பாதத்தோடு ரப்பர் வாரால் பிணைத்துக்கொள்வர். தகடு எதுவாயினும் இருக்கலாம். அதைக் காலோடு வைத்திருப்பது வார்தான் என்பதை அவர்கள் நமக்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

இனி எங்கள் அனுபவம் ஒன்றைச் சொல்கிறோம். கொல்லங்கோட்டுப் பக்கத்து ஏரி ஒன்றில் நாங்கள் சிலர் பயிற்சிக்காகக் கூடியிருந்தோம். நீரில் இறங்கும் நேரத்தில், ஒரு தோழர் வாரைப் பிடித்து இழுத்துக் குதிகாலில் மாட்ட முயன்றார். 'பட்' என்ற ஓசை கேட்டது. வார் இரண்டாகக் கையில் வந்துவிட்டது. நீரில் மூழ்குவோர் இருவர் இருவராகவே செல்ல வேண்டும் என்பது மாறாத விதி. ஆகவே, அவர் கரையில் நின்றவுடன் அவருடைய இணையும் கரையில் நின்றார். ஒரு சாண் ரப்பர் அறுந்ததால் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். அன்று நடந்தது பயிற்சி. நீருக்குள் எவரும் உதவிக்குக் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற எண்ணம் அன்றிரவு எங்களை உறங்கவிடவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1902-இல் பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் ரப்பர்த் தோட்டம் போட்ட நாடு இது. ரப்பர் வாரியம் கோட்டயத்தில் இருக்கிறது. தொடுபுழையிலும் மண்ணார்க்காட்டிலும் வீட்டு முற்றத்துக் கொடியில் ரப்பர் ஷீட்டுகள் காய்கின்றன. எனினும் அறுந்துபோன வாருக்கு மாற்று வார் கேட்டால், சிற்றூர்க் கடையில் கிடைப்பதில்லை. ஒரு கம்பெனியின் வார் மற்றொரு கம்பெனியின் கொக்கியில் பொருந்துவதும் இல்லை. தருவித்து வருவதற்குள் நாட்கள் கழிந்துவிடும். ஆகவே நாமே செய்துகொள்ளத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில், வார் ஏன் அறுகிறது என்று பார்ப்போம். இயற்கை ரப்பரின் அணுச் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்புகள் நிறைய உண்டு. காற்றிலுள்ள ஓசோன் என்னும் வாயு அந்தப் பிணைப்புகளைத் தாக்கும். இழுத்த நிலையிலுள்ள ரப்பரில் இத்தாக்குதல் மிகுதி. முதலில் மயிரிழை போன்ற வெடிப்புகள் குறுக்கே தோன்றும். பிறகு ஒருநாள் அறும். வெயிலும், எண்ணெயும், பெட்ரோலும் அந்நாளை விரைந்து அழைத்து வரும். மின்சார மோட்டார் ஓடும் அறையில் ஓசோன் உண்டாவதால், வாரை அங்கே மாட்டி வைப்பதும் தவறு.

பியூட்டைல் என்னும் செயற்கை ரப்பரில் இரட்டைப் பிணைப்புகள் மிகக் குறைவு. ஆகையால் அது எளிதில் வெடிப்பதில்லை. காற்றையும் நன்றாகத் தேக்கும். இதனாலேயே வண்டிச் சக்கர டியூபுகள் பலவற்றை அதில் செய்கிறார்கள். சிறு துண்டு ஒன்றை உருட்டித் தரையில் போட்டுப் பாருங்கள். இயற்கை ரப்பர் துள்ளும். பியூட்டைல் சோம்பலாகக் கிடக்கும். நமக்கு வேண்டியது அந்தச் சோம்பேறிதான். நம் மலையில் விளையும் ரப்பரின் பெருமையை இது குறைப்பதன்று. நீட்சியிலும் கிழியாமல் தாங்குவதிலும் இயற்கை ரப்பருக்கு நிகரில்லை. ஆனால் வெயிலில் கிடக்கும் வாருக்குப் பஞ்சர் கடையில் ஒதுக்கிய லாரி டியூபே ஏற்றது.

செய்முறையைச் சொல்கிறோம். ஒட்டுப் போட்ட இடமும், வால்வு இருந்த இடமும், மடிப்பு விழுந்த இடமும் நீக்கி, நல்ல பகுதியாகத் தேர்ந்தெடுக்கவும். மூழ்கும்போது அணியும் காலுறையைப் போட்டுக்கொண்டு, துடுப்பின் ஒரு பக்கக் கொக்கியிலிருந்து குதிகாலைச் சுற்றி மறுபக்கக் கொக்கி வரை நூலால் அளக்கவும். அந்த அளவில் ஐந்தில் நான்கு பங்கு போதும். எஞ்சியதை ரப்பரின் நீட்சி தரும். அளவு 40 சென்டிமீட்டர் எனில், 32 சென்டிமீட்டர் எடுத்து, இரு முனைகளிலும் மடித்துக் கட்டுவதற்கு எட்டெட்டுச் சென்டிமீட்டர் கூட்டி, 48 சென்டிமீட்டர் நீளம் கொள்ளவும். அகலம் 3 சென்டிமீட்டர். இத்தகைய பட்டைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க வேண்டும். ஒன்று அறுந்தாலும் மற்றது கரை சேர்க்கும்.

வெட்டும்போது கத்தியைச் சோப்பு நீரில் நனைத்துக்கொண்டால் ரப்பர் இழுபடாமல் வழுக்கிக்கொண்டு வெட்டுப்படும். ஓரம் ஒரே சீராக இருக்க வேண்டும். ஓரத்திலுள்ள ஒரு சிறு பிசிறுதான் நாளைய கிழிசலின் வாசல். துளை போட நேர்ந்தால் கத்தியால் கீறக் கூடாது. செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் கொடுத்து வட்டமாகத் துளையிட்டு வாங்கவும். வட்டத் துளையில் இழுவிசை பரவி நிற்கும். கீறலின் முனையில் அது குவிந்து கிழிக்கும். துடுப்பின் கொக்கியில் கூர்மை இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து மழுங்கச் செய்யவும்.

பட்டையின் முனையைக் கொக்கியில் கோத்து மடித்தபின் கட்டுவது எப்படி? இதற்கு ஆசிரியர் வேண்டியதில்லை. நம் ஊர்ச் சிறுவர் போதும். உண்டிவில்லின் கவையில் ரப்பரைக் கட்டும் சிறுவன் என்ன செய்கிறான்? ரப்பரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அதன்மேல் மெல்லிய டியூப் நறுக்கை இறுக்கிச் சுற்றுகிறான். கையை விட்டதும் இழுபட்ட ரப்பர் பருத்து, கட்டைத் தானே இறுக்கிக்கொள்கிறது. நாமும் அவ்வாறே, ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள நறுக்கால் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றி, கடைசி முனையைக் கடைசிச் சுற்றுக்கு அடியில் நுழைத்துவிட வேண்டும். மடித்த முனை காலின் பக்கம் உள்நோக்கி இருக்கட்டும். வெளியே நீண்டிருந்தால், தேக்கடியில் சொன்ன மரக்கட்டையும், அறுந்து கிடக்கும் நைலான் மீன்வலையும் அதைப் பற்றிக்கொள்ளும். குதிகாலின் பின்புறம் பெருவிரல் நுழையுமளவு ஒரு சிறு வளையமும் கட்டிவிட்டால், குளிரில் விறைத்த விரலாலும் வாரைக் கழற்றலாம்.

நீடித்த உழைப்பு வேண்டுவோர் எவர்சில்வர் சுருள்வில்லை வாராகக் கொள்கிறார்கள். அதன்மேல் மெல்லிய குழாயைப் போர்த்தி, குதிகால் படும் இடத்தில் அகன்ற ரப்பர் மெத்தை வைப்பார்கள். சுருள்வில் வெயிலுக்கு அஞ்சாது. அதன் முனை வளையங்களை மட்டும் அடிக்கடி சோதிக்க வேண்டும். அவசரத்திற்கு நைலான் கயிற்றைத் தோட்டக் குழாய்த் துண்டுக்குள் கோத்துக் கட்டுவதும் உண்டு. அது நீளாது, காலை உறுத்தும். எனினும் கரை சேரும் வரை துணை நிற்கும்.

செய்தவுடன் நீரில் இறங்கலாகாது. வாரை அதன் நீளத்தைப்போல் ஒன்றரைப் பங்கு இழுத்துப் பத்து முறை பார்க்கவும். ஓரிரவு நீரில் ஊறவைத்து மறுநாள் மீண்டும் இழுக்கவும். பிறகு இடுப்பளவு நீரில் நீந்திப் பார்க்கவும். மிக இறுகினால் காலில் குறக்களி பிடிக்கும். மிகத் தளர்ந்தால் துடுப்பே கழன்றுவிடும். உட்புறத்தில் செய்த தேதியை எழுதி வைப்பது நன்று. பயன்படுத்திய பின் நல்ல நீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, சிறிது முகப்பவுடர் தூவி, மடிக்காமல் வைக்கவும். ஒவ்வொரு முறையும் இறங்குமுன் வாரை வளைத்து உற்றுப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு ஒன்று தெரிந்தாலும் இரக்கமின்றி எறிந்துவிடுங்கள்.

எதுவரை நம் கைவேலை செல்லலாம் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. வாரை வீட்டில் செய்யலாம். மூச்சுக் கருவியை வீட்டில் பழுதுபார்க்கக் கூடாது. வார் அறுந்தால் ஒரு காலால் உதைத்துக்கொண்டேனும் மேலே வரலாம். மூச்சுக் கருவி தவறினால் அந்த அவகாசம் இல்லை. மலை நீருக்கு வேறோர் அபாயமும் உண்டு. இடுக்கி நீர்த்தேக்கத்தின் முழுக் கொள்மட்டம் கடல்மட்டத்திற்கு மேல் 2,403 அடி. தேக்கடி ஏரி அதனினும் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. கடலுக்கென்று வகுத்த மூழ்கும் கால அட்டவணையை மலை ஏரியில் அப்படியே கொண்டால், இரத்தத்தில் நைட்ரஜன் குமிழிகள் தோன்றி உடலைப் பாதிக்கக்கூடும். ஆகவே, அணைகளில் பயிற்சி பெற்ற குழுவினர் மட்டுமே, அதிகாரிகளின் அனுமதியோடு இறங்க வேண்டும். வீட்டில் செய்த வார் துணிச்சலுக்கு உரிமச் சீட்டு ஆகாது.

எங்கள் குழுவின் பையில் இப்போது கைவார்கள் நான்கு எப்பொழுதும் இருக்கின்றன. கொல்லங்கோட்டு ஏரிக்கரையில் அறுந்த பழைய வாரும் அதே பையில் கிடக்கிறது. புதியவராய் வருவோர் கையில் முதலில் அதைத்தான் கொடுக்கிறோம். அவர் அதை வளைத்துப் பார்க்கிறார். குறுக்கே ஓடும் வெடிப்புகளைக் காண்கிறார். அவை அன்று காலையிலும் அங்கே இருந்தவைதாம். நாங்கள்தான் வளைத்துப் பார்க்கவில்லை.

நீரிலே தவிக்கும் ஒருவருக்கு நம்மால் அனுப்ப முடிவது நிமிடங்கள்தாம். அந்த நிமிடங்களைக் கரையில் நின்று வார் தேடிச் செலவழிக்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் உங்கள் பையைத் திறந்து, அந்த ஒரு சாண் ரப்பரை வெளிச்சத்தில் ஒருமுறை வளைத்துப் பாருங்கள்.