பழைய பங்கு விலை

உக்குவளை கொக்கோவும் இறப்பரும் விளைந்த மண். இலங்கையின் பெருந்தோட்டங்களுக்கு முதல் திரட்டும் பொருட்டே 1896இல் கொழும்பில் பங்குத் தரகர் சங்கம் தோன்றியது.

தோட்டக் கம்பனியொன்றின் பழைய பங்கு விலைகளைக் கண்டு பணம் இட விழைவோர், முதலில் ஒன்றை ஆராய்தல் வேண்டும். 100 ரூபாய் விலைபெறும் பங்கு பத்தாகப் பிரிக்கப்படின், ஒவ்வொன்றும் 10 ரூபாயே பெறும். ஏட்டில் அது வீழ்ச்சியாய்த் தோன்றும். பங்குதாரர் இழந்ததோ ஒன்றுமில்லை. ஆதலின் பழைய விலையையும் பத்தால் வகுத்தே ஒப்பிடல் வேண்டும். பெற்ற பங்கிலாபத்தைக் கூட்டி, ரூபாயின் மதிப்புக் குறைவையும் கருதிய பின்னரே உண்மையான இலாப நட்டம் புலப்படும்.

அப்போதும் ஏடு நடந்ததையே கூறும். 1975இல் நிலச் சீர்திருத்தச் சட்டத்தால் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. பல்லாண்டு விலைக்கணக்கு அதற்குக் காவலாகவில்லை. சேமிப்பு முழுவதையும் ஒரே பங்கில் இடாமையே அறிவுடைமை.