ஓய்வுக்குப் பின் எந்த மாநிலத்தில் குடியிருப்பது?

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

பிழைப்புக்காகத் தமிழ்நாட்டிலிருந்து பெங்களூருக்கு வந்த நம்மில் பலர் இன்று பணி ஓய்வை நெருங்கி நிற்கிறோம். கர்நாடகத்திலேயே தங்குவதா, சொந்த ஊர் திரும்புவதா, மகன் வேலை பார்க்கும் கேரளத்துக்குச் செல்வதா என்ற கேள்வி வீடுதோறும் எழுகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துகிறேன். வருமான வரி நாடு முழுவதற்கும் ஒன்றே. வருங்கால வைப்பு நிதி நிறுவனத்தின் ஓய்வூதியத்தை 2025 ஜனவரி முதல் நாட்டின் எந்த வங்கிக் கிளையிலும் பெறலாம். ஆகவே இவ்விரண்டையும் கருதி மாநிலத்தைத் தேர்வு செய்ய வேண்டியதில்லை.

மாநிலத்துக்கு மாநிலம் மாறுபவை வேறு. தமிழ்நாட்டில் வீடு வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 50 இலட்ச ரூபாய் வீட்டுக்கு 4,50,000 ரூபாய் இதற்கே போய்விடும். கேரளத்தில் இரண்டும் சேர்ந்து 10 விழுக்காடு. அவசரப்பட்டு விற்று, வாங்கி, மீண்டும் விற்பவரின் சேமிப்பு இப்படியே கரைகிறது. 70 வயதைக் கடந்தோருக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் வரையிலான ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டை ஒன்றிய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது. எனினும் அது நடைமுறைக்கு வருவது மாநில அரசுகளைப் பொறுத்தது. நீங்கள் செல்லும் ஊரின் மருத்துவமனையில் அது ஏற்கப்படுகிறதா என்பதை நேரில் கேட்டறியுங்கள்.

நமது ஜமாஅத் சகோதரர் ஒருவர் இங்கிருந்த வீட்டை விற்றுவிட்டு ஊரில் புதுவீடு கட்டிக் குடியேறினார். இரண்டாம் ஆண்டிலேயே அவருடைய மனைவிக்குச் சிறுநீரகம் பழுதுபட்டது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்ய வேண்டும். அந்த வசதி இருந்த நகரமோ நெடுந்தொலைவு. இன்று அவர் இதே பெங்களூரில், தாம் விற்ற வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, வாடகைக்கு இருக்கிறார். ஊரில் கட்டிய வீடு பூட்டிக் கிடக்கிறது. நம் அனைவருக்கும் இது ஒரு படிப்பினை.

சகோதரர்களே! இம்முடிவை ஆண்கள் மட்டும் எடுப்பது முறையன்று. நாம் முந்திப் போய்விட்டால், நான்கு மாதம் பத்து நாள் நம் மனைவி இத்தா இருக்கப்போவது அந்த வீட்டில்தான். அதன்பின் அவர் தனித்து வாழப்போவதும் அங்கேதான். அண்டை வீட்டாரின் மொழி அவருக்குத் தெரியுமா? நள்ளிரவில் கதவைத் தட்டினால் வருவதற்கு ஆள் உண்டா? இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைக்காத இடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் நமக்கு ஏற்றதன்று.

அடுத்தது மஹல்லா. முப்பது ஆண்டுகளாக ஊர்ப் பள்ளிவாசலுக்குச் சந்தா செலுத்தாதவர், திரும்பிய அன்றே அங்கு எல்லாம் நடக்கும் என எண்ணலாகாது. பேத்தியின் நிக்காஹ் கடிதத்துக்கும், நாளை நம் ஜனாஸாவுக்கும் நாடவேண்டியது அந்த ஜமாஅத்தையே. எனவே இப்போதே பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். இங்குள்ள குடும்ப அட்டையிலிருந்து பெயரை நீக்கிய சான்றையும் மறவாமல் பெறுங்கள்.

என் யோசனை இதுதான்: இங்குள்ள வீட்டை விற்காதீர்கள். வாடகைக்கு விட்டுவிட்டு, செல்ல விரும்பும் ஊரில் நீங்களும் ஓராண்டு வாடகைக்குக் குடியிருங்கள். ஒரு கோடையும், ஒரு மழைக்காலமும், ஒரு ரமளானும் அங்கே கழியட்டும். அதன் பின்னர் கணவனும் மனைவியும் மஷூரா செய்து, இஸ்திகாராத் தொழுது முடிவெடுங்கள்.

எந்த மண்ணில் மவுத் என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். அதுவரை எவருக்கும் பாரமின்றி, ஜமாஅத்தோடு இணைந்து வாழும் நற்பேற்றை அவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.