வாகனக் காப்புறுதி: எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கலாகாது?





வாகன வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும் காலம் நெருங்கியதும், ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நிற்கும்போது நம்மவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. "இன்ஷூரன்ஸ் எங்கே போட்டால் குறைவு?" என்பதே அது. இக்கேள்வியில் தவறேதும் இல்லை. வீண்விரயத்தைக் கண்டித்த மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், ஒவ்வொரு ரூபாவையும் கணக்குப் பார்த்துச் செலவிடுவது முறையானதே. ஆயினும் காப்புறுதியில் தாராளமாகக் குறைக்கத்தக்க செலவும் இருக்கிறது. குறைக்கப்போனால் பிறருடைய உரிமையில் கைவைப்பதாகிவிடும் செலவும் இருக்கிறது.

முதலில் பிறர் உரிமையைப் பார்ப்போம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம், வீதியில் ஓடும் ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியுள்ளது. இது உங்கள் வாகனத்தின் ஒரு கீறலுக்கும் பணம் தராது. உங்கள் வாகனத்தால் மரணிப்பவருக்கோ காயமடைபவருக்கோ உரிய நட்டஈட்டுக்காகவும், ஓர் எல்லை வரை பிறருடைய சொத்துச் சேதத்துக்காகவும் ஏற்படுத்தப்பட்டது அது. நமது நாட்டு வீதிகளில் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர். பாதசாரிகளும் மோட்டார் சைக்கிளில் செல்வோருமே அவர்களில் பெரும்பகுதியினர்.

தவறுதலாக ஓர் உயிரைப் போக்கிவிட்டவர் மீது, இறந்தவரின் குடும்பத்துக்கு 'தியத்' எனும் நட்டஈட்டையும், அத்துடன் 'கப்பாரா' எனும் பரிகாரத்தையும் ஷரீஅத் கடமையாக்கியிருக்கிறது. சூரத்துந் நிஸாவின் 92ஆம் வசனம் இதைப் பேசுகிறது. அந்த நட்டஈட்டுச் சுமையைத் தனியொருவர் தாங்க மாட்டார் என்பதால், 'ஆகிலா' என்ற பெயரில் அவருடைய உறவினர் கூட்டம் பகிர்ந்து செலுத்தும் ஏற்பாட்டை நமது பிக்ஹு நூல்கள் விரிவாக விளக்குகின்றன. இன்றைக்கு அத்தகைய உறவினர் கூட்டம் எத்தனை பேருக்கு இருக்கிறது? மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் காலாவதியாக விட்டுவிட்டு வீதியில் இறங்குபவர், தம்மால் ஒருபோதும் செலுத்த முடியாத ஒரு கடனைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டுதான் வாகனத்தைச் செலுத்துகிறார். (காப்புறுதி பணத்தைத் தரலாம். பரிகாரத்துக்கான தொடர்ச்சியான இரண்டு மாத நோன்பை எந்தக் கம்பனியும் நோற்றுத் தரப்போவதில்லை என்பதையும் வேகமாக ஓட்டும் தம்பிமார் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.)

பெற்றோர்களே! சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாத மகனிடம் "கடைக்குப் போய்விட்டு வா" என்று மோட்டார் சைக்கிளின் சாவியைக் கொடுக்கும் வாப்பா, அந்த நிமிடமே தமது காப்புறுதி ஒப்பந்தத்தின் நிபந்தனையை மீறிவிடுகிறார். விபத்து நேர்ந்தால் சைக்கிளுக்கான நட்டஈடு மறுக்கப்படும். அதைவிடப் பெரியது, காயப்பட்டவரின் குடும்பத்துக்கும் நீதிமன்றத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவரே.

இனி, காப்புறுதி கூடுமா என்ற கேள்விக்கு வருவோம். 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச பிக்ஹு கழகம், வர்த்தக ரீதியான காப்புறுதியில் நிச்சயமின்மை கலந்திருப்பதைக் கூறி அதனைத் தடுத்து, பரஸ்பர உதவி அடிப்படையிலான காப்புறுதியை மாற்றாக எடுத்துரைத்தது. அதற்கு முன்னரே 1979இல் சூடானில் அத்தகைய நிறுவனம் தோன்றிவிட்டது. 1984இல் மலேசியா அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. இதனையே 'தகாபுல்' என்கிறோம். அங்கத்தவர்கள் அன்பளிப்பாக ஒரு நிதியத்தில் பணம் இடுகின்றனர். கம்பனி கூலி பெற்று அதனை நிர்வகிக்கிறது. பாதிக்கப்பட்ட அங்கத்தவருக்கு நிதியத்திலிருந்து உதவி வழங்கப்படுகிறது. நமது நாட்டிலும் கால் நூற்றாண்டாக இம்முறை நடைமுறையில் இருந்து வருகிறது. தகாபுல் கிடைக்கும் இடத்தில் அதனை முதலில் நாடுங்கள். சட்டம் கட்டாயப்படுத்துவதை நிறைவேற்ற வேறு வழியில்லாதவருக்கு அறிஞர்கள் பலர் இடம் அளித்திருக்கிறார்கள். உங்களுக்குரிய தீர்வை ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் 'தகாபுல்' என்ற பெயரைக் கண்டவுடன் கண்ணை மூடிக் கையொப்பமிட வேண்டாம். ஷரீஆ ஆலோசனைச் சபை இருக்கிறதா, நிதியத்தில் மிஞ்சும் பணம் யாருக்குச் செல்கிறது என்று கேட்பது உங்கள் உரிமை.

அடுத்தது, மூன்றாம் தரப்போடு நிறுத்துவதா, முழுக் காப்புறுதி எடுப்பதா என்பது. வாகனம் லீசிங்கில் இருந்தால் உங்களுக்குத் தெரிவு இல்லை. முழுக் காப்புறுதியை லீசிங் கம்பனியே கேட்கும். அவர்கள் காட்டும் கம்பனியில்தான் போட வேண்டுமா என்பதை மட்டும் விசாரித்துப் பாருங்கள். சொந்த வாகனமாயின் உங்களை நீங்களே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த வாகனம் நாளை முற்றாக அழிந்தால் என் குடும்பத்தின் உழைப்பு நின்றுவிடுமா? முச்சக்கர வண்டியால் பிழைப்பவருக்கு அது நின்றுவிடும். அவர் முழுக் காப்புறுதியை விடுவது சிக்கனம் ஆகாது. பழைய மோட்டார் சைக்கிளை வீட்டுத் தேவைக்கு மட்டும் வைத்திருப்பவருக்கு மூன்றாம் தரப்பே போதுமானதாக இருக்கலாம்.

முழுக் காப்புறுதி எடுப்போர் பெரிதும் ஏமாறும் இடம், வாகனத்தின் பெறுமதியைக் குறிப்பிடும் இடமாகும். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்தது. இவற்றால் பழைய வாகனங்களின் விலையும் பன்மடங்கு ஏறியது. 2025இல் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்ட பின்னரும், முன்பு வாங்கிய விலைக்கும் இன்றைய விலைக்கும் இடையிலான வேறுபாடு பெரிது. ஆனால் கட்டணம் கூடிவிடும் என்று அஞ்சிப் பழைய பெறுமதியையே ஆண்டுதோறும் எழுதிவருவோர் பலர். ஒரு காரின் சந்தைப் பெறுமதி 70 இலட்சம் ரூபா, பத்திரத்தில் எழுதியிருப்பது 35 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். விபத்தில் திருத்தச் செலவு 6 இலட்சம். "35 இலட்சத்துக்குள் தானே வருகிறது, முழுவதும் கிடைக்கும்" என்று உரிமையாளர் எண்ணுவார். கம்பனியோ, பாதிப் பெறுமதிக்கே காப்புறுதி செய்திருக்கிறீர்கள் என்று கூறிப் பாதியான 3 இலட்சத்தையே கணக்கிடும். மிச்சம் பிடித்த சில ஆயிரங்கள் 3 இலட்சத்தைக் கொண்டுபோய்விடும். மறுபக்கம், பெறுமதியைக் கூட்டி எழுதுவதாலும் பயனில்லை. வாகனம் அழிந்தால் சந்தை விலைக்கு மேல் எவரும் தரப்போவதில்லை. புதுப்பிக்கும்போது சந்தை விலையை விசாரித்து எழுதுங்கள்.

கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் ஆகியவற்றால் நேரும் சேதம் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டிய ஒன்றாகும். 2014 ஜூனில் அளுத்கமையிலும், 2018 மார்ச்சில் திகனவிலும், 2019 மேயில் மினுவாங்கொடையிலும் நடந்தவற்றைக் கண்ட நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. வெள்ளமும் அவ்வாறே, பல ஒப்பந்தங்களில் அது மேலதிகமாகவே சேர்க்கப்படுகிறது. 2016 மேயில் களனி கங்கை பெருக்கெடுத்தபோதும், 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் நீரில் மூழ்கிய வாகனங்கள் எத்தனை! தாழ்நிலத்தில் வசிப்போர் இதனை நீக்கிக் கட்டணத்தைக் குறைக்க வேண்டாம். நீரில் நின்ற வாகனத்தை ஸ்டார்ட் செய்து பார்க்கவும் வேண்டாம். இயந்திரத்துக்குள் நீர் புகுந்து சேதம் இரட்டிப்பாகும், கம்பனியும் அதனைக் காட்டி மறுக்கலாம்.

அப்படியானால் குறைப்பது எங்கே? குறைந்தது மூன்று கம்பனிகளிடம், ஒரே பெறுமதிக்கு, ஒரே பாதுகாப்புகளுக்கு எழுத்தில் விலை கேளுங்கள்; வேறுபாடு உங்களை வியக்க வைக்கும். விபத்தின்போது முதற்பகுதியாக நீங்களே ஏற்கும் தொகையைச் சற்றுக் கூட்டினால் கட்டணம் குறையும். கையில் அத்தொகை இருப்பவர் அவ்வாறு செய்யலாம். நட்டஈடு கோராத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் நோ கிளைம் போனஸையும் காத்துக்கொள்ளுங்கள். கட்டணம் 80,000 ரூபா, போனஸ் 40 வீதம் என்று வைத்துக்கொண்டால் கழிவு 32,000 ரூபா. பம்பரில் பட்ட 15,000 ரூபா கீறலுக்காக நட்டஈடு கோரி அந்தக் கழிவின் பெரும்பகுதியை இழப்பதில் என்ன இலாபம்? கம்பனி மாறும்போது பழைய கம்பனியிடமிருந்து போனஸ் உறுதிக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். போனஸ் உங்களுடைய நற்பெயருக்கு உரியது, அவர்களுடைய சொத்தன்று.

பொய்யால் குறைப்பதைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. வேனை ஹயருக்கு ஓட்டிக்கொண்டு தனிப்பட்ட பாவனை என்று எழுதுவது நமது ஊர்களில் சாதாரணமாகிவிட்டது. விபத்தின் விசாரணையில் பயணிகள் வாய் திறந்தவுடன் அந்தக் காப்புறுதி வெறும் காகிதம். அதைவிடப் பாரதூரமானது, அனுமதிப்பத்திரம் இல்லாத தம்பி மோதிவிட்டான் என்று தெரிந்தும், காக்கா ஓடிவந்து "நானே ஓட்டினேன்" என்று கம்பனி அதிகாரியிடமும் பொலிஸிலும் சொல்வது. பொய்ச்சாட்சியத்தை நபி (ஸல்) அவர்கள் பெரும்பாவங்களின் வரிசையில் வைத்து எச்சரித்ததை அறிந்தவர்களே இதனைப் பாசம் என்று எண்ணிச் செய்கின்றனர். தகாபுல் நிதியமாயின் அதில் இருப்பது மற்ற அங்கத்தவர்களின் பணம். கராஜ்காரருடன் பேசித் திருத்தச் செலவைக் கூட்டி எழுதுவிப்பவர் அவர்களுடைய பணத்தையே எடுக்கிறார்.

நியாயமான கோரிக்கையைக் கம்பனி மறுத்தால் அதற்கும் வழி உண்டு. முதலில் கம்பனிக்கே எழுத்தில் முறையிடுங்கள். தீராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமோ, இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமோ முறைப்பாடு செய்யலாம். அதற்கு ஆதாரம் வேண்டும். ஆகவே விபத்து நடந்த இடத்திலிருந்தே கம்பனிக்கு அழைப்பெடுங்கள், வாகனத்தை அசைக்கும் முன் படம் எடுங்கள். எவரேனும் காயப்பட்டிருந்தால் இவை யாவும் பிறகு. முதலில் அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.