மழைக்கு முன்னே மண்ணுக்கு ஒரு போர்வை

(நமது அறக்கட்டளையின் குடும்பச் சந்திப்பில் ஆற்றப்பட்ட உரை)





2023 டிசம்பர் 17, 18 தேதிகளைத் தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்களான நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. நம் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் மழையே சராசரியாக 65 செ.மீ. அளவுதான். குளங்கள் உடைந்தன. வீடுகளில் புகுந்த வெள்ளம் சில நாட்களில் வடிந்தது. நனைந்து போன சாமான்களை மெல்ல மெல்லத் திரும்ப வாங்கினோம். தோட்டத்திலிருந்து போன மேல்மண்ணை எந்தக் கடையில் வாங்குவது? ஓர் அங்குல மேல்மண் உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அந்த மண்ணைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம்.

நம்முடையது அரை வறண்ட பூமி. பாலைவனத்தில் மண்ணை அடித்துச் செல்லும் அளவுக்கு மழை பெரும்பாலும் இல்லை. நல்ல மழையுள்ள இடங்களில் புல்லும் மரமும் மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. இரண்டுக்கும் நடுவே உள்ள நிலத்தில்தான் மண் அதிகம் போகிறது. லாங்பெய்ன், ஷும் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்க ஆறுகளின் வண்டல் அளவுகளை ஆராய்ந்து 1958-ல் இதைச் சொன்னார்கள்.

இப்போது காலநிலை மாற்றம் இரண்டு பக்கமும் அடிக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. ஒரு மழையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனால், 1950-களிலிருந்து உலகின் பெரும்பாலான நிலப்பகுதிகளில் கனமழை கூடியிருப்பதாக ஐ.நா.வின் காலநிலைக் குழு 2021-ல் அறிவித்தது.

மறுபக்கம், வெயில் ஏறினால் மண்ணின் ஈரம் சீக்கிரம் காய்கிறது. முதல் மழைக்கு முளைத்த புல், அடுத்த மழை தாமதித்தால் கருகிவிடுகிறது. ஆடிக் காற்று நம் தேரி மணலை வாரி இறைப்பதைப் பார்த்திருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் வெற்று மண்ணில் கனமழை விழுந்தால், துளிகள் மண்ணை உடைத்து மேற்பரப்பை அடைத்துவிடும். தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடும். மண்ணோடு புல் விதையும் போய்விடும். அடுத்த வருஷம் புல் குறையும், அரிப்பு கூடும். போன மண் குளத்தில் வண்டலாகப் படிந்து, குளம் பிடிக்கும் தண்ணீரும் குறையும்.

வானத்தின் மழையை நாம் கட்டுப்படுத்த முடியாது. மண்ணை மூடி வைப்பது நம் கையில் இருக்கிறது. நான்கு காரியங்களைச் சொல்கிறோம்.

ஒன்று: மழைக்காலத்துக்கு முன் காலி மனையையும் தோட்டத்தையும் 'சுத்தம்' செய்கிறோம் என்று புல்லை வேரோடு செதுக்காதீர்கள். உயரமாக வளர்ந்திருந்தால் வெட்டி, அங்கேயே பரப்புங்கள்.

இரண்டு: சீமைக் கருவேலம் வளர்ந்த இடத்தில் மற்ற புல் பூண்டு தழைப்பது கடினம். அதை அகற்றுவது நல்லதுதான். அகற்றிய இடத்தை வெறுமையாக விடாதீர்கள். கொழுக்கட்டைப் புல்லோ, நம்மூர் உடை மரமோ அந்தப் பருவத்திலேயே வேர் பிடிக்கட்டும்.

மூன்று: குர்பானிக்கு ஆடு வளர்ப்பவர்கள், முதல் மழைக்குப் பின் சில வாரங்கள் மேய்ச்சல் நிலத்துக்கு ஓய்வு கொடுங்கள். புல் வேர் பிடித்துவிட்டால் ஆட்டுக்கும் தீனி, மண்ணுக்கும் காவல்.

நான்கு: குளக்கரையிலும் வரப்பிலும் பனங்கொட்டை ஊன்றுங்கள். வாய்க்காலில் குப்பை கொட்டாதீர்கள். ஒளுச் செய்த தண்ணீரைச் சாக்கடையில் விடாமல், பள்ளிவாசல் வளாகத்து மரக்கன்றுகளுக்குத் திருப்பலாம்.

இன்று ஊன்றும் பனை நுங்கு தரப் பத்துப் பதினைந்து வருஷமாவது ஆகும். அதைப் பறிப்பது நம் பிள்ளைகளாக இருக்கலாம். அவர்கள் நின்று பறிக்க அந்த வரப்பு அங்கே இருக்க வேண்டும். வரும் ஐப்பசிக்குள் ஒவ்வொரு வீட்டாரும் இந்த நான்கில் ஒன்றையாவது செய்வோம்.