கல்வியும் பட்டறிவும்

(தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கற்றுப் பெறுவது கல்வி. பட்டுப் பெறுவது பட்டறிவு. இவ்விரண்டும் ஒருவரிடத்தே ஒன்றுசேரும் பொழுதுதான் தொழில் சிறக்கும், தொழிலாளியும் உயர்வான். இங்கு நிகழ்வது என்ன?

ஒருவன் இளம் அகவையிலேயே பட்டறைக்குள் நுழைகின்றான். இருபது ஆண்டுகள் கடைசல் பொறியின்முன் நிற்கின்றான். இரும்பு அறுபடும் ஓசையைக் கேட்டே, வெட்டுளி மழுங்கிவிட்டது என்று சொல்லிவிடுவான். ஆயினும் கையில் சான்றிதழ் இல்லை. ஆகவே, இறுதிவரை அவன் உதவியாள்தான். மற்றொருவன் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஈராண்டு பயின்று சான்றிதழோடு வருகின்றான். அவனுக்கோ பொறியோடு போதிய பழக்கம் இல்லை. ஒருவனுக்குத் தாள் இல்லை. மற்றவனுக்குக் கை பழகவில்லை. இருவருமே தேங்கி நிற்கின்றனர். இஃது அவர்கள் குற்றமா? அன்று, இரண்டையும் பிரித்துவைத்த அமைப்பின் குற்றம்!

செருமானிய நாட்டைப் பாருங்கள். 1969-இல் அந்நாடு தொழிற்கல்விச் சட்டம் இயற்றியது. அங்குப் பழகுநன் ஒருவன் கிழமையில் மூன்று நான்கு நாள்கள் தொழிற்சாலையில் பழகுகின்றான்; ஓரிரு நாள்கள் தொழிற்பள்ளியில் கற்கின்றான். பழகும்போதே அவனுக்குத் தொகையும் உண்டு. கடைசல் தொழிலுக்கு இப்பயிற்சி மூன்றரை ஆண்டு. பள்ளியில் கேட்பதும் பட்டறையில் பேசுவதும் ஒரே மொழி, அந்நாட்டு மொழி!

இன்னொன்றும் கேளுங்கள். அவ்வாறு முறையாகப் பழகாதவனுக்கும் அங்குக் கதவு அடைபடவில்லை. பயிற்சிக் காலத்தைப்போல் ஒன்றரை மடங்கு காலம் அத்தொழிலில் உழைத்தமையை மெய்ப்பித்தால், அவன் நேரே இறுதித் தேர்வுக்கு அமரலாம். பட்டறிவுக்கு அந்நாடு தரும் மதிப்பு அது!

இந்தியாவிலும் 1961-இல் பழகுநர் சட்டம் வந்தது. பட்டறிவை ஆய்ந்து சான்று தரும் திட்டமும் 2015-இல் தொடங்கியது. ஆனால், அச்சான்று ஓர் உதவியாளின் ஊதியத்தை உயர்த்துகின்றதா? அவன் நிலையை மாற்றுகின்றதா? இதுவே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

நாம் வேண்டுவன மூன்று. உழைப்பாளியின் திறனை அவன் பொறியருகிலேயே, அவன் அறிந்த தமிழிலேயே ஆய்ந்து சான்றளிக்க வேண்டும். அச்சான்று பதிவேட்டில் உறங்காமல் ஊதியமாக மாற வேண்டும். தொழிற்பயிற்சி நூல்கள், பட்டறையில் நிற்பவனுக்கு விளங்கும் நல்ல தமிழில் அமைய வேண்டும்.

மூத்த தொழிலாளர்களே! உங்கள் கைத்திறனை இளையோரிடம் மறைக்காதீர்கள். இளைஞர்களே! சான்றிதழ் இருக்கின்றது என்று பொறியை விட்டு விலகி நில்லாதீர்கள். ஏடும் கருவியும் ஒரே கையில் சேரட்டும்! அந்தக் கை உயர்ந்தால் தமிழ்நாடும் உயரும்.